பாலிசி சொல்லாமல் விட்டது



நம்மூரில் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கும் தம்பி ஒருவர், சென்ற வருடம் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஓர் இன்சூரன்ஸ் பாலிசி, நான்கு வருடத்துப் பிரீமியம் ரசீதுகள், கம்பெனியிலிருந்து வந்த ஒரு கடிதம். "பாய், இதைப் படித்து எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்" என்றார். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் இப்படிப்பட்ட ஃபைல்கள் என்னிடம் வருவது வழக்கம்தான். ஆனால் அந்த ஃபைலில் இருந்த விஷயம் நம் வீடுகளில் பலருக்கும் பாடமாக இருக்கும் என்று தோன்றியது. பெயரைப் போடாமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று தம்பியும் அனுமதி தந்தார்.

நடந்தது இதுதான். மாதாமாதம் 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்பு, தெரிந்த வியாபாரி ஒருவர் பெயரில் ஒரு மெயில் வந்திருக்கிறது. பணம் அனுப்பிய விவரம் இணைப்பில் இருப்பதாகச் சொன்னது. தம்பி திறந்தார். மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. திரையில் மட்டும், பணம் கட்டினால் திறந்துவிடுகிறோம் என்று ஒரு மிரட்டல். பேக்கப் எடுத்து வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கும் அதே கம்ப்யூட்டரில் செருகியபடியே இருந்ததால் அதுவும் பூட்டிக்கொண்டது. சுமார் நாற்பது கடைகளின் கணக்கு. பில் புத்தகங்களை மறுபடி வாங்கி உட்கார்ந்து எழுத இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ஒவ்வொரு கடைக்கும் பெரிய தொகை இல்லை. பெரும்பாலோர் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிட்டார்கள். ரைஸ்மில் வைத்திருக்கும் ஒருவர், "விடு தம்பி, நீயா வேண்டுமென்று செய்தாய்" என்று மாஃப் செய்தார். டைல்ஸ் வியாபாரி ஒருவருக்கு மட்டும் நஷ்டம் பெரிது. பேங்க் ஓ.டி. புதுப்பிக்கும் நேரத்தில் கணக்கு கிடைக்கவில்லை, லிமிட் நின்றது, முன்பணம் கொடுத்திருந்த சரக்கு கைவிட்டுப் போனது. 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

தம்பிக்கு அப்போதுகூடப் பெரிய கலக்கமில்லை. 10 லட்சம் ரூபாய்க்குத் தொழில் பாலிசி இருக்கிறதே! கம்பெனிக்கு எழுதினார். பதில் கடிதத்தில் இரண்டு விஷயம்: கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் செலவு இந்தப் பாலிசியில் எப்போதுமே சேராது. டைல்ஸ் வியாபாரியின் நஷ்டஈடும் சேராது, ஏனென்றால் பாலிசியைப் புதுப்பித்தபோது சேர்த்த இணைப்புத் தாளின்படி சைபர் சம்பவத்தால் வரும் இழப்பு விலக்கப்பட்டுள்ளது.

"அப்படி ஒரு தாளையே நான் பார்த்ததில்லை பாய்" என்றார். தாள் இருந்தது. மெயிலில் வந்த பாலிசியின் கடைசிப் பக்கம். கடையில் பிரிண்ட் எடுத்தபோது அதுவும் சேர்ந்தே வந்து, அதே ஃபைலில்தான் கிடந்தது.

நான் முந்தைய வருடத்துப் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கம்ப்யூட்டர், வைரஸ், டேட்டா என்ற சொல்லே இல்லை. உண்டு என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. இதே சம்பவம் ஒரு வருடம் முன்னால் நடந்திருந்தால், டைல்ஸ் வியாபாரியின் கோரிக்கையைக் கம்பெனி ஏற்றிருக்கவே வாய்ப்பு அதிகம். கொடுக்க வேண்டும் என்று திட்டமிட்டு அல்ல; மறுக்க வழியில்லாமல்.

இது எப்படி என்று புரிய, அந்தப் பாலிசி எதற்காக ஏற்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொழில் பாலிசி என்றால் என்ன?

இன்சூரன்ஸ்காரர்கள் இதை "புரொஃபஷனல் இண்டெம்னிட்டி" என்பார்கள். சுருக்கமாக பி.ஐ. பாலிசி. டாக்டர், ஆடிட்டர், வக்கீல், கட்டட இன்ஜினியர், கணக்கர் என்று தம் அறிவையும் கைவேலையையும் நம்பி வருகிறவர்களுக்கு வேலை செய்பவர்கள் எடுப்பது. தம் வேலையில் கவனக்குறைவு நேர்ந்து, அதனால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஏற்பட்டு, அவர் சட்டப்படி நஷ்டஈடு கேட்டால், அந்தத் தொகையையும் வழக்குச் செலவையும் கம்பெனி ஏற்கும். நம் டாக்டர் பிள்ளைகள் பலர் மருத்துவமனை கேட்பதால் இதை எடுத்து வைத்திருக்கிறார்கள். இன்ஜினியர்களிடம் டெண்டரில் கேட்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பாலிசி, எடுத்தவரின் சொந்த நஷ்டத்துக்கு அல்ல. அவரால் அடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு. தம்பியின் கம்ப்யூட்டர் ரிப்பேர், இரண்டு வாரம் வருமானம் போனது, மிரட்டிக் கேட்கும் பணம், வல்லுநரை அழைத்துப் பார்த்த செலவு எல்லாம் சொந்த நஷ்டம். அது பழைய பாலிசியிலும் கிடைத்திருக்காது. டைல்ஸ் வியாபாரியின் நஷ்டம்தான் அடுத்தவர் நஷ்டம். கேள்வி அதைப் பற்றியது மட்டுமே.

பழைய பாலிசி எழுதப்பட்ட முறை மிக விசாலமானது. தொழில் செய்யும்போது ஏற்படும் சட்டப் பொறுப்பு என்று ஒரே வாக்கியத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். தவறு பேனாவால் நேர்ந்ததா, கம்ப்யூட்டரால் நேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. எழுதிய காலத்தில் கணக்கு பேரேட்டில் இருந்தது. பேரேட்டுக்குப் பூட்டுப் போட்டு ஊர் பெயர் தெரியாதவன் பணம் கேட்பான் என்று யாரும் நினைக்கவில்லை. நினைக்காததால் விலக்கவும் இல்லை. கம்பெனி விலை வைக்காத ஆபத்து ஒன்று அதன் பையில் தானாக வந்து விழுந்திருந்தது. லண்டன் சந்தையில் இதற்கு "சைலண்ட் சைபர்" என்று பெயர் வைத்தார்கள்.

திருடன் செய்த வேலைக்கு அலுவலகம் ஏன் பொறுப்பாக வேண்டும் என்று கேட்கலாம். நம் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. அபுதாபியில் வேலை பார்த்த ஒருவருக்குத் தூத்துக்குடியில் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கு. 2007இல் வங்கி அனுப்பியது போன்ற ஒரு மெயிலை நம்பி விவரம் கொடுத்தார், பணம் போய்விட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர் விசாரித்து, 12 லட்சத்து 85 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2010 ஏப்ரலில் வங்கிக்கு உத்தரவிட்டார். ஏமாற்றியவன் வேறொருவன்தான். ஆனால் அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருந்தவர் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையை எடுத்தாரா என்பது தனிக் கேள்வி. அமானிதம் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் பெரிய நகரத்துச் சங்கதி என்றும் நினைக்க வேண்டாம். 2018 பிப்ரவரியில், 1904 முதல் கும்பகோணத்தில் இயங்கிவரும் சிட்டி யூனியன் வங்கியின் கணினிகளுக்குள் புகுந்து, வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற வழியில் மூன்று போலி உத்தரவுகளை அனுப்பினார்கள். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசை. மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். மறுநாள் காலை கணக்குச் சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. அதில் ஒன்றைப் போகும் வழியிலேயே தடுத்துவிட்டார்கள். தனி ஆட்களும் தனிப் பாதுகாப்பும் உள்ள வங்கிக்கே இந்த நிலை.

லண்டனில் திறந்த ஷட்டர்

நாம் கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் இங்கே வாய்க்கால் நனைய நாளாகும். இறக்கினாலும் அப்படித்தான், இங்கே காய்வது பிறகுதான் தெரியும். இன்சூரன்ஸிலும் ஒரு மேட்டூர் உண்டு. அதற்கு மறுகாப்பீடு என்று பெயர். நம்மிடம் பாலிசி விற்கும் கம்பெனி, தான் ஏற்ற ஆபத்தில் ஒரு பங்கை மும்பையிலுள்ள அரசு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீயிடமும் வெளிநாட்டு நிறுவனங்களிடமும் கொடுத்துவைக்கும். மேலே இருப்பவர்கள் ஒன்றை ஏற்க மறுத்தால், கீழே இருப்பவரும் நாளடைவில் அதை விற்க மாட்டார்.

மேலே நடந்தது என்ன? 2017 ஜூன் 27 அன்று "நாட்பெட்யா" என்ற கெடுநிரல் உக்ரைனில் கிளம்பி உலகம் முழுக்கப் பரவியது. மும்பைக்கு அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் சரக்கு முனையமும் அதில் முடங்கியது. அமெரிக்க மருந்து நிறுவனமான மெர்க் தனக்கு 140 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, தன் சொத்துப் பாலிசியின் கீழ் கேட்டது. அது சைபர் பாலிசி அல்ல. கட்டடம், இயந்திரம், சரக்கு இவற்றுக்கான சாதாரணப் பாலிசி. போர் நடவடிக்கை என்று சொல்லிக் கம்பெனிகள் மறுத்தன. போர் விலக்கு இதற்குப் பொருந்தாது என்று நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. 2024 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. ஆபத்து பாலிசிக்குள் இருப்பதே தெரியாமல் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே 2017 ஜூலையில், பிரிட்டனின் மத்திய வங்கியைச் சேர்ந்த கண்காணிப்பு அமைப்பு, சொல்லாமல் ஒளிந்திருக்கும் சைபர் ஆபத்தை எண்ணிப் பார்த்து ஒழுங்குபடுத்துங்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. 2019 ஜூலையில் லாயிட்ஸ் சந்தை ஒரு முடிவெடுத்தது: இனி ஒவ்வொரு பாலிசியும் சைபர் இழப்பு உண்டா, இல்லையா என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். 2020 ஜனவரியில் சொத்துப் பாலிசிகளில் தொடங்கி, தொழில் பாலிசிகளுக்கு 2021இல் முறை வந்தது.

இங்கிலாந்தில் வக்கீல்களுக்குத் தொழில் பாலிசி கட்டாயம். அங்கே வக்கீல்களைக் கண்காணிக்கும் ஆணையம் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வக்கீலின் சொந்த நஷ்டத்தை வேண்டுமானால் விலக்கிக்கொள்ளுங்கள், ஆனால் கட்சிக்காரரின் பணம் சைபர் திருட்டில் போனால் அந்தப் பொறுப்பு பாலிசியில் இருந்தே தீர வேண்டும் என்று 2021இல் குறைந்தபட்ச நிபந்தனைகளில் எழுதிவைத்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. கட்சிக்காரர் பக்கம் நின்று யாரோ ஒருவர் பேசியிருக்கிறார்.

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு வந்தது இணைப்புத் தாள். இன்சூரன்ஸ் மொழியில் "எண்டார்ஸ்மெண்ட்". புதுப்பிக்கும்போது ஓசையில்லாமல் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும். பிரீமியம் அதே தொகை, பாலிசியின் முகப்பு அதே முகப்பு, ஏஜெண்டும் அதே ஆள். எதுவும் மாறவில்லை என்றுதான் தோன்றும்.

மௌனம் யாருக்குச் சாதகம்?

பாலிசி மௌனமாக இருந்தால் வழக்கு யார் பக்கம் சாயும்? 1966இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லாஹ். பின்னாளில் நாட்டின் தலைமை நீதிபதியானவர். கங்கைக் கரையில் துலியான் என்ற ஊரில் ஆற்று அரிப்பில் போன வீடுகளைப் பற்றிய வழக்கு அது. பாலிசியின் வாசகம் இரண்டு பொருள் தருமானால், அதை எழுதிய கம்பெனிக்கு எதிரான பொருளையே எடுக்க வேண்டும் என்ற விதியை அந்தத் தீர்ப்பு ஏற்கிறது. கூடவே இன்னொன்றையும் சொல்கிறது: இரு தரப்பும் செய்துகொள்ளாத ஒப்பந்தத்தை, அது எவ்வளவு நியாயமாக இருந்தாலும், நீதிமன்றம் புதிதாக எழுதித் தர முடியாது. அந்த வழக்கில் ஜெயித்தது கம்பெனிதான்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பழைய பாலிசியின் மௌனம் தம்பிக்குச் சாதகம். புதிய தாளில் தெளிவாக எழுதிய விலக்கு கம்பெனிக்குச் சாதகம். தாளைப் படிக்கவில்லை என்று சொல்வது பெரிதாக உதவாது. தாளைத் தரவே இல்லை என்றால் அது வேறு கதை. எனவேதான் எந்தத் தேதியில், எந்த வழியில், எத்தனை பக்கம் வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கஜாவுக்குப் பிறகு நமக்கு இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு கட்டியவர், வரப்போரத்துத் தென்னையும் அதில் சேரும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்புக்கு யாரும் காசு கொடுத்திருக்க மாட்டார்கள். தென்னைக்கு வேறு திட்டம், வேறு விண்ணப்பம்.

இங்கே மார்க்கக் கோணத்திலும் ஒரு வார்த்தை. வழக்கமான வணிகக் காப்பீட்டை ஏற்கலாமா என்பதில் உலமாக்களிடையே விவாதம் உண்டு. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் பெரும் கரர், அதாவது நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு சொன்னது. சட்டமோ வேலையோ கட்டாயப்படுத்தும்போது என்ன செய்வது என்பதை உங்கள் இமாமிடமோ மதரஸா உஸ்தாதிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்; ஃபத்வா சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் இத்தனை வருடம் அந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கரர் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் பார்த்ததில்லை. விற்றவருக்குத் தான் எதை விற்றோம் என்று தெரியாது. வாங்கியவருக்குத் தான் எதை வாங்கினோம் என்று தெரியாது. குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282, கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். கட்டாயத்தால் ஒரு பாலிசியை எடுத்தே ஆக வேண்டும் என்றாலும், அதில் உள்ள நிச்சயமின்மையைக் கேட்டுக் குறைத்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

பாலிசியை எடுத்துக் கடைசியிலிருந்து படியுங்கள். இணைப்புத் தாள்கள் அங்கேதான் இருக்கும். "சைபர்", "கம்ப்யூட்டர் சிஸ்டம்", "டேட்டா", "மால்வேர்" என்று எந்தச் சொல் வந்தாலும் பேனாவால் வட்டமிடுங்கள்.

விலக்கு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில், வெளியாள் கெட்ட நோக்கத்தோடு கம்ப்யூட்டருக்குள் புகுந்ததால் நேர்ந்த இழப்பை மட்டும் விலக்கியிருப்பார்கள். உங்கள் தொழிலில் நீங்கள் செய்த கவனக்குறைவு, அதில் கம்ப்யூட்டர் பயன்பட்டிருந்தாலும், உள்ளேயே இருக்கும். இது தாங்கக்கூடிய விலக்கு. இன்னொரு வகை இருக்கிறது. கம்ப்யூட்டரால் நேரடியாகவோ மறைமுகமாகவோ, எந்த வகையில் சம்பந்தப்பட்டாலும் இல்லை என்று அடித்து எழுதியிருப்பார்கள். இதுதான் ஆபத்து.

ஏன் என்று ஒரு டாக்டரை வைத்துப் பாருங்கள். நோயாளிக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு கிளினிக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. வைரஸ் தாக்கி அன்று அது திறக்கவில்லை. அவசரத்தில் கேட்க மறந்து ஊசி போட்டுவிடுகிறார். இது மருத்துவக் கவனக்குறைவு வழக்கு. அதற்காகவேதான் அவர் பாலிசி எடுத்தார். ஆனால் சங்கிலியின் நடுவில் ஒரு கம்ப்யூட்டர் நிற்கிறது. முழு விலக்கு இருந்தால், அந்த ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு கம்பெனி மொத்தப் பொறுப்பையும் மறுக்கப் பார்க்கும். கட்டட இன்ஜினியரின் வரைபட ஃபைல் பாதியில் கெட்டுப்போய், தூணின் அளவு தவறாக அச்சாகி வந்தாலும் இதே கதை. இன்று கம்ப்யூட்டர் தொடாத தொழில் எது? சைபர் விலக்கு என்ற பெயரில் தொழில் பாலிசியின் உயிரே போய்விடக் கூடும் என்பதுதான் என் கவலை. காசு பிடுங்கும் கொள்ளைக்காரனைவிட இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஏஜெண்டிடம் வாயால் கேட்காதீர்கள். "எல்லாம் கவர் ஆகும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் கெட்டவர் என்று இல்லை, அவரும் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார். கம்பெனிக்கு மெயிலில் எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

"என் தொழில் பாலிசி குறித்து மூன்று விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும். என் அலுவலகக் கம்ப்யூட்டரில் வெளியாள் புகுந்ததால் என் வாடிக்கையாளருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு நான் பொறுப்பானால், அது இந்தப் பாலிசியில் சேருமா? என் தொழில்முறைத் தவறுக்கு கம்ப்யூட்டர் கோளாறும் ஒரு காரணமாக இருந்தால், அதைக் காட்டிக் கோரிக்கை மறுக்கப்படுமா? கடந்த ஆண்டுப் பாலிசியிலிருந்து இந்த ஆண்டு என்னென்ன இணைப்புத் தாள்கள் சேர்க்கப்பட்டன, நீக்கப்பட்டன?"

பதில் வந்தால் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். வரவில்லை என்றாலும் நீங்கள் கேட்ட தேதி பதிவாகிவிடும். மறுப்புக் கடிதம் வந்து அது நியாயமில்லை என்று தோன்றினால், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தனிநபர்களும், ஒரே ஆள் நடத்தும் சிறு தொழில்களும் 50 லட்சம் ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளுக்கு அவரிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை.

தொழில் பாலிசியில் இன்னொரு நுணுக்கம். தவறு நேர்ந்த தேதி மட்டும் போதாது. நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குப் பிந்தைய வேலைகள் சேரும் என்று பாலிசியில் ஒரு பழைய தேதி குறித்திருப்பார்கள். கோபத்தில் பாலிசியை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வேறு கம்பெனியில் எடுத்தால் அந்தப் பழைய தேதி போய்விடும். அதுவரை செய்த வேலைக்கெல்லாம் பாதுகாப்பு இல்லாமல் ஆகும். மாறுவதானால் இடைவெளி விடாமல், பழைய தேதியை அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டு மாறுங்கள்.

சைபருக்கென்று தனிப் பாலிசிகளும் உண்டு. சொந்த நஷ்டம், அடுத்தவர் நஷ்டம் இரண்டையும் சேர்த்துத் தொழில்களுக்கு விற்கிறார்கள். வீட்டு மனிதர்களுக்கான தனிநபர் சைபர் காப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 செப்டம்பரில் வழிகாட்டியது. அந்தத் தனிநபர் பாலிசியை வைத்துக்கொண்டு கடைக் கணக்கும் அதில் சேரும் என்று நினைத்துவிடாதீர்கள். விண்ணப்பத்தில் பேக்கப் எடுக்கிறீர்களா, ஆன்டிவைரஸ் இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லாததை உண்டு என்று எழுதினால், பிறகு அந்த ஒரு பொய்யே மறுப்புக்குப் போதும். மறுமையில் பதில் சொல்வது தனி.

எந்தப் பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் திருட்டுப்போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகரும். கம்பெனிக்கும் உடனே தெரிவியுங்கள். நோட்டீஸ் வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்து, தெரிவிக்கத் தாமதமானதாலேயே கோரிக்கையை இழந்தவர்களை நான் வேலை பார்த்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

நம் டிரஸ்டின் பீரோ

தம்பியின் ஃபைலைப் படித்து முடித்தபோது எனக்கு நம் டிரஸ்ட் அலுவலகத்தின் நினைப்பு வந்தது. கல்வி உதவி கேட்ட பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், விதவைகள் உதவித்தொகைக்கான விண்ணப்பங்கள், ஆதார் நகல்கள், பாஸ்புக் முதல் பக்கம், மருத்துவ உதவி கேட்டவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் முன்பு இரும்பு பீரோவில் இருந்தன. இப்போது பாதி பீரோவில், பாதி நிர்வாகிகளின் போனில். யார் ஜகாத் வாங்குகிறார் என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கவரில் போட்டுக் கொடுக்கும் நாம், அந்தப் பட்டியலையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் மருத்துவ விவரங்கள் டெலிகிராமில் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்கும்படி கசிந்தன. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. நோய் விவரம் ஒருமுறை வெளியே போனால் எந்தத் தடையாணையும் அதைத் திருப்பிக்கொண்டுவர முடியாது. பெண் பார்க்க வருகிற இடத்தில் அது எப்படியெல்லாம் பேசப்படும் என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அடுத்தவர் விவரத்தைச் சேகரித்து வைத்திருப்பவரை "ஃபிடூஷியரி" என்கிறது. நம் பாஷையில் சொன்னால் அமானிதக்காரர். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பது உச்ச வரம்பு; சிறிய டிரஸ்டுக்கு அவ்வளவு வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இப்படிப்பட்ட அரசு அபராதங்களைத் தொழில் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகக் குழுவிடம் இதைச் சொன்னேன். விண்ணப்ப நகல்களைப் போன்களிலிருந்து அழிப்பது, ஒரே கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லோடு வைப்பது, வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் பூட்டுவது என்று முடிவாகியிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வைப்பது தம்பியின் யோசனை. அவரைவிட அதைச் சொல்லத் தகுதியானவர் யார்? நம் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரிடமும் மேலே சொன்ன மூன்று கேள்விகளை எழுதிக் கேட்டிருக்கிறோம். அவர் அலுவலகத்தில் நம் பேரேடு இருக்கிறது என்பதால் கேட்க நமக்கு உரிமை உண்டு. உங்கள் கடைக் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் நீங்களும் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தம்பியின் விஷயம் இன்னும் முழுதாக முடியவில்லை. டைல்ஸ் வியாபாரியோடு ஜமாஅத்தார் முன்னிலையில் பேசி, 1 லட்சத்து 10 ஆயிரம் என்று ஒத்துக்கொண்டு, தவணையில் கொடுத்துவருகிறார். இணைப்புத் தாளைப் பற்றி முன்கூட்டித் தனியாகத் தெரிவிக்கவில்லை என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறோம். பதில் வந்ததும் இன்ஷா அல்லாஹ் இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

தொழில் பாலிசி வைத்திருப்பவர்கள், அல்லது வைத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோர், இந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் லுஹர் முடிந்து டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரலாம். இந்த ஆண்டுப் பாலிசி, போன ஆண்டுப் பாலிசி இரண்டையும் எல்லாப் பக்கங்களோடும் ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொண்டுவாருங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.